காசு கேட்டவருக்கும் ஒரு வரவு: திருகோணமலையில் ஒரு மேடைப்பாட்டு உருவான நிகழ்வு ஆய்வு

கலை செய்வதன் சிரமத்தைப் பாடுகிற பாட்டென்றால் நம் காதுக்குப் பழகிப்போனது பெரும்பாலும் ஒரே வகைதான். வயிறு காய்ந்த கவிஞன், விலைபோகாத ஓவியம், கண்டுகொள்ளாத ஊர், கடைசியில் ஒரு பெருமூச்சு. அமெரிக்க இசை அரங்கின் பெரும் படைப்பாளியான ஸ்டீபன் சோண்ட்ஹைம் எழுதி இசையமைத்த ‘புட்டிங் இட் டுகெதர்’ என்னும் பாட்டில் அந்தப் பெருமூச்சு இல்லை. அதில் வரும் கலைஞன் ஒரு வரவேற்பு விருந்தில் நின்று, ஆளுக்கு ஏற்ப முகத்தை மாற்றி, சிரித்துக் கைகுலுக்கி, அடுத்த ஆக்கத்துக்குரிய காசைத் தேடுகிறான். அந்தத் தேடலே பாட்டின் பொருள். திருகோணமலை நகரில் இயங்கும் சிறிய நாடகக் குழுவொன்று இந்தப் பாட்டைப் பிரித்துப் படித்து, பின்னர் அதை ஓரமாக வைத்துவிட்டுத் தனக்கென ஒரு பாட்டை உருவாக்கி மேடையேற்றியது. அந்த எழுத்துப் பணியில் உடனிருந்தவர்களில் ஒருவர் என்ற வகையில், எந்த இடத்தில் எந்த முடிவு எடுக்கப்பட்டது, அது மேடையில் எப்படி நின்றது என்பதை இங்கு பதிவுசெய்கிறேன். குழுவின் பெயரும், காசு தந்தவர்கள், தராதவர்கள் ஆகியோரின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

மூலப்பாட்டின் அமைப்பு

இந்தப் பாட்டு இடம்பெறும் நாடகம் ‘சண்டே இன் த பார்க் வித் ஜோர்ஜ்’. ஜேம்ஸ் லபைன் பிரதி எழுத, பாடல்களையும் இசையையும் சோண்ட்ஹைம் அமைத்தார். இதற்கு முன்னர் அவர் இசையமைத்த நாடகம் 1981இல் நியூயோர்க்கின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வேயில் 16 காட்சிகளுடன் மூடப்பட்டிருந்தது. புதிய நாடகம் 1983இல் நியூயோர்க்கின் பிளேரைட்ஸ் ஹொரைசன்ஸ் அரங்கில் எழுதி முடிக்கப்படாத நிலையிலேயே பார்வையாளருக்குக் காட்டப்பட்டது. அங்கு நடந்த 25 காட்சிகளில் இறுதி மூன்றில்தான் இரண்டாம் பாகம் சேர்ந்தது. 1984 மே 2ஆம் திகதி பூத் அரங்கில் தொடங்கிய பிராட்வே தயாரிப்பு 604 காட்சிகள் ஓடியது. சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருது அதற்குக் கிடைக்கவில்லை. 1985ஆம் ஆண்டு நாடகத்துக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

முதற் பாகம் பிரெஞ்சு ஓவியர் ஜோர்ஜ் சூராவைப் பற்றியது. 1884 தொடக்கம் 1886 வரை அவர் வரைந்த, லா கிராண்ட் ஜாட் தீவின் ஞாயிற்றுக்கிழமைக் காட்சியைச் சித்திரிக்கும் ஓவியம் இன்று சிகாகோ கலை நிறுவகத்தில் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 2 மீற்றர், அகலம் ஏறத்தாழ 3 மீற்றர். நிறங்களைக் குழைத்துப் பூசாமல் புள்ளி புள்ளியாக அருகருகே வைத்து, பார்ப்பவரின் கண்ணிலேயே அவற்றைக் கலக்கச் செய்வது அவருடைய முறை. அந்த ஒரு படத்துக்காக அவர் ஏறத்தாழ 60 முன்வரைவுகளைச் செய்தார். 1891இல் இறந்தபோது அவருக்கு வயது 31.

இரண்டாம் பாகம் நூறு ஆண்டு தாண்டி வருகிறது. சூராவைப் பூட்டனாகக் கொண்ட இன்னொரு ஜோர்ஜ், அவனும் கலைஞன். இவன் கதாசிரியரின் கற்பனை. ஒளியை வீசும் இயந்திரச் சிற்பங்களைச் செய்கிற அவன், தன்னுடைய ஏழாவது இயந்திரத்தை ஓர் அருங்காட்சியகத்தில் அறிமுகப்படுத்தும்போது மின்சாரம் தடைப்பட்டு எல்லாம் நின்றுபோகிறது. (மின்தடைக்காக நாம் அமெரிக்க நாடகத்திடம் பாடம் கேட்கவேண்டியதில்லை.) பின்னர் வரவேற்பு. அருங்காட்சியக இயக்குநர், அறங்காவல் குழுவைச் சேர்ந்த செல்வச் சீமாட்டி, பிற ஊரிலிருந்து வந்த காட்சிப் பொறுப்பாளர், பொறாமையோடு பார்க்கும் சக கலைஞர்கள், விமர்சகி என்று பலரும் கூடியிருக்கிறார்கள். எல்லோரிடமும் ஒரே நேரத்தில் நிற்கவேண்டிய ஜோர்ஜ், தன் உருவத்திலேயே வெட்டப்பட்ட அட்டைப் படங்களை எழுப்பி ஒவ்வொருவர் முன்னாலும் நிறுத்திவிட்டு நழுவுகிறான். விருந்தினர்கள் அட்டையோடு பேச்சைத் தொடர்கிறார்கள். அவனோ இடையிடையே நம் பக்கம் திரும்பி, ஒரு துண்டை இன்னொரு துண்டோடு இணைப்பதாகிய தன் தொழிலின் கணக்கைப் பாடிச் சொல்கிறான்.

பாட்டின் திறம் இரண்டு இடங்களில் இருக்கிறது என்பது குழுவின் முதல் வாசிப்பில் தெரிந்தது. முதலாவது, ஜோர்ஜுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை, ஆனால் அதில் அவன் கைதேர்ந்தவன். வெறுப்பும் திறமையும் ஒரே ஆளில் இருப்பதால் பாட்டு முறைப்பாடாகத் தேங்கிவிடாமல் ஓடுகிறது. இரண்டாவது, இசை நீண்ட வரிகளில் நகராமல் குறுகிய வெட்டுகளாக நகர்கிறது. புள்ளி வைத்து வரைந்த பூட்டனின் முறையும், ஒவ்வொரு காசோலையாகச் சேர்க்கும் பூட்டப்பிள்ளையின் முறையும் ஒரே தாளத்துக்குள் வந்துவிடுகின்றன. 1985இல் பார்பரா ஸ்ட்ரைசண்ட் இதே பாட்டைத் தன் இசைத்தட்டின் முதற் பாட்டாகப் பாடியபோது, சோண்ட்ஹைமே வரிகளை மாற்றி இசைத்தட்டு நிறுவன அதிகாரிகளோடு மல்லுக்கட்டும் பாடகியின் பாட்டாக அதைத் தைத்துக் கொடுத்தார். தொழில் மாறினாலும் பாட்டின் எலும்பு மாறவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

திருகோணமலையில் குழுவின் நிலை

குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தவர்கள். ஆசிரியர்கள் இருவர், ஒரு வங்கி எழுதுவினைஞர், கிண்ணியாவிலிருந்து வந்துபோகும் ஒரு நண்பர், சாம்பல்தீவிலிருந்து சைக்கிளில் வரும் ஓர் இளைஞன், ரியூஷன் முடிந்தபின்தான் ஒத்திகைக்கு வரக்கூடிய பிள்ளைகள். பெண் பிள்ளைகள் இருட்டுமுன் வீடு சேரவேண்டும் என்பதால் முக்கிய காட்சிகள் எல்லாம் பின்னேரத்தின் ஒரு சின்ன இடைவெளிக்குள்தான் பழகப்பட்டன. இது திருகோணமலைக்கு மட்டும் உரிய நிலை அல்ல. வடக்கிலும் கிழக்கிலும் எந்த ஊர்க் குழுவைக் கேட்டாலும் இதே பட்டியல்தான் வரும்.

குழு போடவிருந்த நாடகத்தின் கதை ஏற்கெனவே முடிவாகியிருந்தது. மூதூர்ப் பக்கத்தில் கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஒருவரின் பேரன் நகரத்துக்கு வந்து நவீன நாடகம் போட முயல்கிறான் என்பதே அது. தொடக்கத்தில் வேறொரு யோசனையும் இருந்தது. 1939இல் திருகோணமலையில் பிறந்து, தருமு சிவராம் என்றும் பிரமிள் என்றும் அறியப்பட்டு, ஓவியத்திலும் சிற்பத்திலும் கைவைத்து, 1997இல் தமிழ்நாட்டில் மறைந்த கவிஞரின் வாழ்வைச் சாயலாகக் கொண்டு நாயகனை அமைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஊருக்கு அது பெருமையாகத்தான் இருந்திருக்கும். ஆயினும் அவருடைய வாழ்வை மேடைக்குக் கொண்டுவந்தால் பார்வையாளர் எதிர்பார்ப்பது தனித்து நின்ற மேதையின் கதையை. கூடி உழைக்கும் கலையான நாடகத்தின் சிரமம் அதற்குள் அடங்காது. ஒரு கவிஞனுக்குத் தாளும் பேனையும் போதும், நாடகக்காரனுக்கு மண்டபமும் விளக்கும் பதினைந்து பேரின் பின்னேரமும் வேண்டும். அந்த யோசனை கைவிடப்பட்டது சரியான முடிவென்றே இன்றும் கருதுகிறேன்.

மூலப்பாட்டை அப்படியே தமிழில் பாடுவது என்ற பேச்சும் எழுந்தது. அந்த நாடகத்தின் பாடல்களை மேடையேற்ற உரிமம் பெறவேண்டும். மொழிபெயர்ப்புக்குத் தனி அனுமதி வேண்டும். அனுமதிக்கு விண்ணப்பிக்கும் வசதி இல்லாத குழு அதைத் தொடுவது நேர்மையும் ஆகாது. அதனால் வரியும் மெட்டும் எடுக்கப்படவில்லை. ஒரு கலைஞன் பலரிடம் ஒரே நேரத்தில் நிற்கவேண்டிய நெருக்கடி என்ற நிலைமை மட்டும் எடுக்கப்பட்டது. அந்த நிலைமை யாருடைய தனிச்சொத்தும் அல்ல. பிரதேச செயலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் கடிதத்தோடு ஏறி இறங்கிய எவருக்கும் அது தெரியும்.

முதல் வரைவும் அதன் குறையும்

முதலில் எழுதப்பட்ட பாட்டு ஒரு முறைப்பாடு. கடை முதலாளி அலட்சியமாகப் பேசுகிறார், அதிகாரி நாளை வரச் சொல்கிறார், நாயகன் நெஞ்சில் கைவைத்து ஊரை நோகிறான். ஒத்திகையில் குழுவினருக்கு அது பிடித்திருந்தது. எல்லோரும் பட்ட அனுபவம்தானே. பார்க்க வந்திருந்த பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை என்பதை அவர்கள் முகமே சொன்னது. அவர்களில் ஒருவர் சிறிய மளிகைக்கடை வைத்திருப்பவர். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கோயில், பாடசாலை, விளையாட்டுக் கழகம், நாடகம் என்று யாராவது அவருடைய கடை வாசலில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு நிற்கிறார்கள். அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. முதல் வரைவில் அதற்கு இடமே இல்லை.

மூலப்பாட்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, அங்கே காசு தரக்கூடியவர்கள் எவரும் கேலிப்பொருளாக மட்டும் நிறுத்தப்படவில்லை என்பது விளங்கியது. அவர்களுக்கும் கலையில் ஆசை உண்டு, பயம் உண்டு, தாங்கள் ஏமாறிவிடக்கூடாது என்ற கவலை உண்டு. ஆகவே, நாயகனை நல்லவனாகவும் ஊரைக் கெட்டதாகவும் பிரித்துவைத்த வரைவு முழுவதும் நீக்கப்பட்டது. புதிய வரைவுக்கு ஒரேயொரு நிபந்தனை விதிக்கப்பட்டது: காசு தருகிறவர் பாடும் பகுதி, அவரே வந்து கேட்டாலும் ஒத்துக்கொள்ளக்கூடியதாக இருக்கவேண்டும்.

கூத்திலிருந்து வந்த விடை

இந்த இடத்தில்தான் நாடகத்தின் கதையே குழுவுக்கு வழி காட்டியது. மட்டக்களப்பு மரபில் ஒரு கூத்து மேடைக்கு வரும் ஒழுங்கைப் பார்த்தால், சட்டங்கொடுத்தல் (பாத்திரங்களைப் பகிர்ந்து பாடம் கொடுத்தல்), பழக்குதல், சதங்கை அணிதல், கிழமைக்கூத்து (கிழமைதோறும் ஆடிப் பழகுதல்), அடுக்குப் பார்த்தல் (இறுதி ஒத்திகை), அரங்கேற்றம், அதன்பின் வீட்டுக்கு வீடு ஆடுதல் என்று படிப்படியாகப் போகும். இந்தப் படிகள் கலைப் பயிற்சிக்குரியவை என்றே நாடகப் பாடத்தில் படிப்பிக்கப்படுகின்றன. சற்று உற்றுப் பார்த்தால் இவை ஊரின் வரவுசெலவுக் கணக்கும்கூட. யார் எந்தப் பாத்திரம் ஆடுவது என்று ஊர்ப் பெரியவர்களும் அண்ணாவியாரும் கூடித் தீர்மானிக்கும்போதே, அந்த வீட்டுக்காரரின் உழைப்பும் உடுப்புச் செலவும் கூத்துக்குள் வந்துவிடுகின்றன. அண்ணாவியாருக்குரிய மரியாதையும் கொடுப்பனவும் சபை அறியக் கொடுக்கப்படும். அரங்கேற்றத்துக்குப் பின் வீடுகளில் ஆடும்போது ஊர் தன் பங்கைத் தருகிறது. கலைஞன் தனியே போய் யாருடைய வாசலிலும் கைகட்டி நிற்கவேண்டிய தேவை அந்த ஒழுங்கில் குறைவு; காசு கேட்பதுகூடக் கூத்து ஆடும் இடமான களரியின் ஒரு சடங்கு.

அந்த ஒழுங்கு குறையில்லாதது என்று சொல்ல வரவில்லை. யார் அரசனாக ஆடலாம், யார் ஆடக்கூடாது என்பதில் சாதியும் செல்வாக்கும் புகுந்து விளையாடியிருக்கின்றன. பெண்களுக்குப் பல களரிகளில் இடமே இருந்ததில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தைச் சுருக்கிச் செப்பனிட்டு, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது ஆட்டமும் பாட்டும் தப்பிப் பிழைத்தன. ஊர் செலவைச் சுமந்த முறை மட்டும் அந்த மேடைக்கு வரவில்லை. அதன் இடத்துக்கு வந்தது அனுசரணையாளர், பிரதம விருந்தினர், பொன்னாடை, நன்றியுரை. சோண்ட்ஹைமின் விருந்து மண்டபமும் நம்முடைய நகர மண்டபத்தின் முன்வரிசையும் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரத்தில் இல்லை.

எனவே, காசு தருகிற ஒவ்வொருவரையும், மட்டக்களப்புக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியின் வரவோடு, அதாவது பாத்திரம் அறிமுகமாகும் ஆட்டத்தோடு, மேடைக்குக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. வடமோடியில் அரசன் கொலுவுக்கு வரும்போது அண்ணாவியார் மத்தளத்தோடு ஆட்டத்துக்குரிய தாளச் சொற்களான தாளக்கட்டைச் சொல்ல, அதற்கு ஆடி, தான் யார், எத்தகையவன் என்பதைப் பாடி அறிமுகமாவான். பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவார்கள். கடை முதலாளிக்கும் அதிகாரிக்கும் இதே மரியாதை என்றால் சபையில் சிரிப்பு எழும், ஆனால் அந்தச் சிரிப்பு அவர்களை இழிவுபடுத்தாது.

ஆலோசனைக்காக அழைக்கப்பட்டிருந்த முதிய அண்ணாவியார் இதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை.

“தம்பி, வரவு ஆடுறது ராசாவும் மந்திரியும். காசு தாறவருக்கு என்னத்துக்கு வரவு?” என்று கேட்டார்.

பிற்பாட்டுப் பாடவிருந்த பிள்ளை ஒருத்தி, “இப்ப அவர்தானே ராசா, ஐயா” என்றாள்.

அவர் மறுத்தும் சொல்லவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. மத்தளத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “அப்ப அந்தாள் எப்பிடி நடந்து வருவார் எண்டு காட்டு, பாப்பம்” என்று மட்டும் சொன்னார். சாம்பல்தீவு இளைஞன் சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி, ஒரு கையால் தொலைபேசியைக் காதில் பிடித்து நடந்து காட்டினான். அண்ணாவியார் அந்த நடைக்கு ஒரு தாளக்கட்டை மெதுவாகப் போட்டுப் பார்த்து, இரண்டு இடத்தில் நிறுத்தி, சாவிக்கொத்தின் சத்தம் கைத்தாளமான சல்லரியின் இடத்தில் விழும்படி திருத்தினார். பாட்டின் மெட்டு அந்தப் பின்னேரத்தில்தான் பிறந்தது. முதலாளியின் வரவு பின்னர் இவ்வாறு அமைந்தது:

கடைக்கு மேலே கடைபோட்டு வந்தேனே – உங்கள்
கலைக்கும் கொஞ்சம் கிள்ளித் தந்தேனே
பேரைப் பெரிசாய்ப் போடு தம்பி – என்
பிள்ளையை முன்னால் ஆடவிடு தம்பி

நாயகனின் வரிகள் இதற்கு மாறாக மூச்சு வாங்கும் குறுந்துண்டுகளாக அமைந்தன. ஒரு வரவு முடிந்து அடுத்த வரவு தொடங்குமுன் கிடைக்கும் இடைவெளியில் அவன் தன் கணக்கைச் சொல்லியாகவேண்டும்:

சிரிப்பு இங்கே, கும்பிடு அங்கே,
சீலைக்கு இவர், விளக்குக்கு அவர்,
மத்தளத் தோலுக்கு யார்?
மத்தளத் தோலுக்கு யார்?

கடைசி வரி கற்பனையில் வந்ததல்ல. குழுவின் மத்தளத்துக்கு உண்மையிலேயே புதுத் தோல் போடவேண்டியிருந்தது. பதாகைக்குக் காசு தர ஆள் இருந்தது, பெயர் அச்சடிக்க இடமில்லாத தோலுக்கு ஆள் இருக்கவில்லை. இந்த ஒரு வரிக்குள் நிதி சேகரிப்பின் முழு அநியாயமும் அடங்கிவிட்டதால், முதல் வரைவின் நீண்ட புலம்பல்கள் எதுவும் தேவைப்படவில்லை.

அட்டைப் படங்களும் சால்வைகளும்

ஒரே ஆள் பல இடத்தில் நிற்கும் உத்தியை எப்படிக் கையாள்வது என்பது தனிப் பிரச்சினை. 1984 தயாரிப்பில் அட்டை உருவங்கள் எழும்பி நின்றன. 2008இல் பிராட்வேக்கு வந்த மறுதயாரிப்பில் ஒளிப்படிமங்கள் அந்த வேலையைச் செய்தன. குழுவுக்கு இரண்டாவது வழி கைக்கெட்டாதது. முதலாவதை ரெஜிபோம் என்னும் பாரமற்ற நுரைப் பலகையில் செய்து பார்த்தார்கள். ஒத்திகை நடந்த வளவு கடலுக்குக் கிட்ட, மேலும் அது கச்சான் காற்று வீசும் காலம். நாயகனின் மூன்று உருவங்களும் ஒன்றன்பின் ஒன்றாக முகங்குப்புற விழுந்தன, ஒன்றின் கழுத்து முறிந்தது. மண்டபத்துக்குள் காற்று இராது என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். ஆயினும் சிக்கல் காற்றோடு முடியவில்லை. தன் உருவத்தைத் தானே வெட்டி நிறுத்துவது நம் சூழலில் அரசியல்வாதியின் செயலாகத்தான் பார்வையாளருக்குத் தோன்றும். சங்கடப்படுகிற ஒரு நாடகக்காரனுக்கு அது பொருந்தாது.

இதற்குப் பதிலாக வந்தது சால்வை. காட்சி தொடங்கும்போது ஒவ்வொரு பிரமுகரும் நாயகனுக்கு ஒரு பொன்னாடை போர்த்துகிறார். ஒருவரோடு பேச்சு நடக்கும்போதே அடுத்தவர் வந்துவிட, நாயகன் முதலாமவரின் சால்வையைக் கழற்றி ஒரு நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு நகர்கிறான். அவர் நாற்காலியைப் பார்த்துத் தொடர்ந்து பேசுகிறார், தலையாட்டுகிறார், அதன் தோளில் கைபோட்டுப் படமும் எடுத்துக்கொள்கிறார். கடைசியில் மேடை முழுக்கச் சால்வை போர்த்திய நாற்காலிகள், நடுவில் வெறும் சேர்ட்டோடு அவன். செலவென்று பார்த்தால் குழுவினரின் வீட்டு அலுமாரிகளில் எத்தனையோ விழாக்களில் கிடைத்துக் கட்டாமல் கிடந்த சால்வைகளே போதுமாக இருந்தன. அட்டை உருவத்தைவிட இது கூர்மையான உத்தி என்பது என் கருத்து. அட்டை கலைஞன் தானே செய்துகொண்ட போலி. சால்வை ஊர் அவனுக்குக் கொடுத்த மரியாதை, அதுவே அவனுக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கிறது.

பதாகை பற்றிய பேரம்

மேடையேற்றத்துக்குச் சில கிழமைகள் இருக்கும்போது, பெரும்பகுதிச் செலவை ஏற்க முன்வந்த நகர வர்த்தகர் ஒருவர் தன் நிறுவனத்தின் பதாகையை மேடையின் முகப்பில், காட்சி முடியும்வரை கட்டவேண்டும் என்றார். குழு பிளவுபட்டது. வேண்டவே வேண்டாம் என்றவர்களும், கட்டினால் என்ன, யார் வாசிக்கப்போகிறார்கள் என்றவர்களும் வாட்ஸ்அப்பில் இரவிரவாக வாதிட்டார்கள். இரு பக்கமும் ஒரு தவறான எடுகோளில் நின்றன: காசு நாடகத்துக்கு வெளியே இருக்கிறது என்பதே அது. பாட்டோ அந்தக் காசை நாடகத்துக்கு உள்ளே கொண்டுவந்து ஆடவைத்திருந்தது.

பேரத்தின் முடிவு பின்வருமாறு. பதாகை கட்டப்படும், ஆனால் முதலாளியின் வரவு ஆடப்படும்போது பாத்திரங்களே அதைக் கொண்டுவந்து மேடையின் நடுவில் விரித்துக் கட்டுவார்கள். பாட்டு முடிந்ததும் அவிழ்ப்பார்கள். வர்த்தகரிடம் இது ஒளிக்காமல் சொல்லப்பட்டது. பாட்டும் அவருக்குப் பாடிக் காட்டப்பட்டது. அவர் வரிகளைக் கேட்டுவிட்டு, எழுத்து நேராகத் தெரியுமா என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டார். முகப்பில் தொங்கியிருந்தால் எவரும் ஏறிட்டுப் பார்த்திராத பதாகை, நால்வர் தாளத்துக்கு ஆடியபடி விரித்தபோது முழு மண்டபத்தாலும் வாசிக்கப்பட்டது. விளம்பரம் என்ற கணக்கிலும் அவருக்கு நட்டமில்லை.

எல்லோரும் இப்படி எடுத்துக்கொள்ளவில்லை. உதவுவதாகச் சொல்லியிருந்த இன்னொருவர் பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். அதனால் ஒலியமைப்புக்கான கொடுப்பனவு பின்னுக்குப் போனது. ஒலியமைப்பாளர் பொறுத்துக்கொண்டார், அவரும் ஒருவகையில் அனுசரணையாளர்தான், ஆனால் அவருடைய பெயர் எந்தப் பதாகையிலும் வரவில்லை என்பதைப் பதிவுசெய்ய வேண்டும்.

வராத பாத்திரம்

மூலப்பாட்டில் வருகிற ஒருவருக்கு மட்டும் திருகோணமலையில் ஆள் கிடைக்கவில்லை. அது விமர்சகி. ஜோர்ஜின் இயந்திரங்கள் ஒன்றைப் போலவே இன்னொன்று வருவதையும், பெருகப் பெருகப் பொருள் மெலிவதையும் அவனுடைய முகத்துக்கு நேரே சொல்பவள் அவள். அந்த விருந்தில் அவனுக்கு உண்மையில் வலிப்பது அந்தப் பேச்சு மட்டுமே. காசு தராதவர்களை அவன் சமாளித்துவிடுவான். கலை ஆக்கத்தின் சிரமம் காசோடு முடிவதில்லை, செய்ததையே திரும்பச் செய்யும் ஆபத்திலும் இருக்கிறது என்று பாட்டு ஆழம் பெறுவது அவளால்தான்.

நம் ஊரில் நாடகம் முடிந்ததும் மேடையேறுபவர்கள் வாழ்த்துகிறார்கள். பேஸ்புக்கில் வாழ்த்துகள் நிரம்புகின்றன. பத்திரிகைக் குறிப்பில் பிரதம விருந்தினரின் பெயர் நாடகாசிரியரின் பெயருக்கு முன்னால் வருகிறது. பிழை கண்டால் தனியாகச் சொல்வார்கள், அல்லது மூன்றாமவரிடம் சொல்வார்கள். குழுவிலேயே ஒருவரை விமர்சகராக வேடமிட்டு நிறுத்தியபோது, வெளியூர்ப் பேராசிரியர் ஒருவரின் கேலிச்சித்திரம் போலத்தான் அது அமைந்தது. சபைக்கு அது ஒட்டவில்லை.

கடைசியில் விமர்சகரின் இடத்தை நாயகனின் அப்பம்மா பாத்திரம் எடுத்துக்கொண்டது. அவளுக்கு வரவும் இல்லை, தாளமும் இல்லை. எல்லோரும் ஆடி முடித்து நிற்கையில், முன்வரிசையிலிருந்து எழும்பி, “போன முறையும் இதைத்தானே ஆடினீங்கள், மகன்?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வாள். நாயகனுக்கு அதற்குப் பதில் இல்லை. மத்தளம் அந்த இடத்தில் ஒரு தாளவட்டம் முழுவதும் நிற்கும். பிரதியில் மிகக் குறைந்த மையில் எழுதப்பட்ட பகுதி இது, மேடையில் மிக நீண்டதாகத் தெரிந்ததும் இதுதான். குழுவுக்கே அந்தக் கேள்வி பொருந்தும்: போருக்குப் பின்னான காலத்தில் நாம் ஆடிய நாடகங்களில் எத்தனை, முன்னர் கைதட்டல் பெற்ற ஒரு காட்சியைப் பெயர் மாற்றி மீண்டும் ஆடியவை?

மேடையில் நடந்தது

அரங்கேற்றத்தன்று பாட்டு எதிர்பார்த்ததைவிட நீண்டது. சபை வரவுக்கு வரவு கைதட்டியதால் நாயகனின் குறுந்துண்டுகள் பல கேட்காமலே போயின. இது ஒரு உண்மையான குறைபாடு. வரவு ஆட்டம் தானாகவே வசீகரமானது. அதற்கு நடுவே நாயகனின் கணக்கு தெளிவாகக் கேட்கவேண்டுமானால் மத்தளம் அடங்கவேண்டும், மத்தளம் அடங்கினால் அடுத்த வரவின் வேகம் விழும். மூலப்பாட்டில் ஒரே இசைக்குழு இரண்டையும் ஒரே துடிப்பில் தாங்கிச் செல்வதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. கூத்தின் தாளக்கட்டையும் அந்த வகைத் துண்டுப் பேச்சையும் பொருத்தும் வேலை பாதியில்தான் நிற்கிறது.

சபையின் எதிர்வினைகளில் ஒன்றைக் குறிப்பிடுவது பொருந்தும். நாடகம் முடிந்தபின், காசு எதுவும் தராத ஒரு கடைக்காரர் நாயகனாக நடித்தவரைத் தேடி வந்து, “மூண்டாவதா வந்த ஆள் நான்தானே தம்பி?” என்று கேட்டார். அவரை மனத்தில் வைத்து எழுதியதல்ல என்று சொன்னபோது அவருக்குச் சற்று ஏமாற்றம்தான். மத்தளத் தோலுக்கு எவ்வளவு முடியும் என்று விசாரித்து, பெயர் போடவேண்டாம் என்ற நிபந்தனையோடு ஒரு பகுதியைத் தந்தார். இதைப் பாட்டின் வெற்றி என்று பெரிதாக்குவது சரியல்ல. தோலுக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது.

அடுத்த ஆற்றுகை மூதூர்ப் பக்கத்தில், திறந்த வெளியில், வட்டக்களரியில் நடக்கவேண்டும் என்பது அண்ணாவியாரின் நிபந்தனை. களரியில் முன்வரிசை இல்லை, பிரதம விருந்தினரின் நாற்காலி இல்லை. நாற்காலி இல்லாவிட்டால் சால்வை உத்தி நிற்காது. நாற்காலிகளுக்குப் பதிலாக, வட்டத்தைச் சுற்றி இருக்கும் பார்வையாளரின் தோளிலேயே நாயகன் சால்வைகளைப் போட்டுவிட்டு நகர்வதென்றும், பிரமுகர்கள் அவர்களோடு பேச்சைத் தொடர்வதென்றும் இப்போதைக்கு முடிவாகியுள்ளது. போர்த்தப்பட்டவர் பதில் பேசத் தொடங்கினால் அண்ணாவியார் தாளத்தை எங்கே வாங்குவது என்பதே ஒத்திகையில் இப்போது பழகப்படுகிறது.